காற்றுத் துப்பாக்கி: எத்தனை ஜூல் வரை சட்டம் விடும்?

துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்த பிள்ளைகளின் பெற்றோர், மன்ற உறுப்பினர்கள், வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

12 அடி-பவுண்டுக்குக் குறைவான ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இணையத்தில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கிளமெண்டி

கூடாது. அடி-பவுண்டு, ஜூல் இரண்டும் குழலை விட்டு வெளியேறும் பெல்லட்டின், அதாவது சின்ன ஈயக் குண்டின், ஆற்றலைச் சொல்லும் அளவுகள். அந்த 12 அடி-பவுண்டு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய கணக்கு. ஜூலில் சொன்னால் 16.27. அங்கே ரைஃபிளுக்கு 12, கைத்துப்பாக்கிக்கு 6 அடி-பவுண்டு எல்லை. அதைத் தாண்டிய ரைஃபிளுக்கு, வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வாங்குவது போலவே காவல்துறைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதே பிரிட்டனில் ஸ்காட்லாந்து எல்லையைக் கடந்தாலே கதை மாறிவிடும். 2016 டிசம்பர் 31 முதல் அங்கே 1 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். வட அயர்லாந்திலும் 1 ஜூலுக்கு மேல் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் 7.5 ஜூல் வரை பெரியவர்கள் உரிமமின்றி வாங்கலாம். அந்த வகைத் துப்பாக்கியின் மேல் ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ எழுத்து பொறித்திருக்கும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலோ உரிமம் தேவை.

சிங்கப்பூரில் இப்படி ஒரு எல்லைக்கோடே கிடையாது. ஆயுதங்கள், வெடிபொருள்கள் சட்டம் துப்பாக்கிக்குக் கொடுத்த விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் இருந்தன. அவற்றின் பாகங்களும் சேர்ந்தே இருந்தன. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதே கண்டிப்போடுதான் இருக்கிறது. ஆகவே ‘என்னுடையது வெறும் 7 ஜூல்தான்’ என்ற வாதம் இங்கே எடுபடாது. பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்றிரண்டு ஜூலைத் தாண்டாது. அதையும் காவல்துறை அனுமதியின்றித் தருவிக்கக் கூடாது. பொட்டலம் சோதனைச்சாவடியில் பிடிபட்டால் பொருள் பறிபோவதோடு நிற்காது. சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம் அது.

சுட ஆசை இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. சிங்கப்பூர்த் துப்பாக்கி சுடுதல் சங்கத்தோடு இணைந்த மன்றம் ஒன்றில் சேருங்கள். மன்றத்தின் துப்பாக்கி, மன்றத்தின் சுடுதளம், பயிற்றுவிப்பாளரின் மேற்பார்வை என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். சொந்தத் துப்பாக்கி பற்றிய பேச்சு அதன்பிறகு, மன்றத்தின் வழியாகவே வரட்டும். பெல்லட் டப்பாவையும் அங்கேயே வாங்குங்கள்.

ஜூல், அடி-பவுண்டு, வினாடிக்கு இத்தனை அடி என்று ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது?
– பல்தொழில் கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் படித்த சூத்திரமேதான். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். எடை கிலோகிராமில், வேகம் வினாடிக்கு மீட்டரில் இருந்தால் விடை ஜூலில் வரும். போட்டிகளில் சுடும் பெல்லட் சுமார் 0.53 கிராம். அது வினாடிக்கு 168 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறினால் 7.48 ஜூல். ஜெர்மன் எல்லைக்கு மயிரிழை கீழே. அதே பெல்லட் 172 மீட்டரில் போனால் 7.84 ஜூல், எல்லை தாண்டிவிட்டது.

பிரிட்டிஷ் முறையில் எடை கிரெயினில், வேகம் வினாடிக்கு அடியில். வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 450,240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டு. 1 கிரெயின் 0.0648 கிராம், 1 அடி-பவுண்டு 1.356 ஜூல். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுகளில் பலர் விரும்பிச் சுடுவது 8.44 கிரெயின். அது 780 அடி வேகத்தில் 11.4 அடி-பவுண்டு. 800 அடியில் 11.997, கிட்டத்தட்ட எல்லைக்கோட்டின் மேலேயே. 810 அடியில் 12.3.

வேகம் வர்க்கமாக ஏறுவதால் வேகத்தில் 1 விழுக்காடு கூடினால் ஆற்றலில் 2 விழுக்காடு கூடும். மேலே 20 அடி வித்தியாசம் பார்க்க அற்பமாகத் தெரிகிறது. ஆனால் அது 0.6 அடி-பவுண்டைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

எடை தெரியாமல் வேகத்தை மட்டும் பேசுவதில் பொருளே இல்லை. 5.5 மில்லிமீட்டர் குழலில் 15.89 கிரெயின் பெல்லட் 583 அடி வேகத்திலேயே 12-ஐத் தொட்டுவிடும். அதே பெல்லட் 800 அடியில் போனால் 22.6. விளம்பரங்களில் ‘வினாடிக்கு 1,000 அடி’ என்று பெரிதாகப் போடுவதை நம்பி மலைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஈயமில்லாத, மிக இலேசான உலோகக்கலவைப் பெல்லட்டை வைத்து எடுத்த எண்ணாக இருக்கும். 5.4 கிரெயின் பெல்லட் 1,000 அடியில் பறந்தாலும் 12 அடி-பவுண்டுக்குள்தான்.

மகன் இங்கிலாந்தில் படிக்கிறான், வயது 20. அங்கே பழைய ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கப்போகிறான். விற்பவர் 11.8 அடி-பவுண்டு என்று அளந்து காட்டினாராம். எல்லைக்குள்தானே இருக்கிறது?
– தந்தை, செங்காங்

அந்த ஒரு எண்ணை நம்பி வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு, அந்த அறையில், ஏதோ ஒரு பெல்லட்டோடு அது 11.8 காட்டியது. அவ்வளவுதான் அதற்குப் பொருள். அங்கே சோதிப்பவர்கள் பல வகைப் பெல்லட்டுகளைச் சுட்டுப் பார்ப்பார்கள். அவற்றில் வரும் உச்ச அளவையே கணக்கில் எடுப்பார்கள், சராசரியை அல்ல. சான்றிதழ் இல்லாமல் எல்லை மீறிய துப்பாக்கியை வைத்திருந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. நல்ல தயாரிப்பாளர்கள் 11.2 முதல் 11.5-க்குள் வைத்து அனுப்புவது இதனால்தான். உங்கள் மகனும் எந்தப் பெல்லட்டாலும் 11.5-ஐத் தாண்டாத துப்பாக்கியையே எடுக்கட்டும்.

எந்தப் பெல்லட் உச்சம் காட்டும் என்பது துப்பாக்கியின் வகையைப் பொறுத்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெரும்பாலும் இலேசான பெல்லட்டுக்கு ஆற்றல் அதிகம். பிஸ்டன் ஒரே ஒரு முறை காற்றை நெருக்கித் தள்ளுகிறது. பெல்லட் கனமாக இருந்தால் அது நகர்வதற்குள் பிஸ்டன் காற்றில் மோதிப் பின்னுக்குத் துள்ளிவிடும், ஆற்றல் வீணாகும். சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் பிசிபி வகையில் இது தலைகீழ். கனமான பெல்லட் குழலுக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது, காற்றும் கூடுதல் நேரம் அதைத் தள்ளுகிறது. எனவே ஸ்பிரிங் துப்பாக்கியை நடுத்தரப் பெல்லட்டாலும், பிசிபியை இலேசான பெல்லட்டாலும் மட்டும் அளந்துவிட்டு எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லி விற்பவரிடம் கவனம் தேவை.

பிசிபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத மாடலில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடிக்கும். வால்வு குறைவாகவே திறப்பதால் முதல் சில சூடுகள் மெதுவாகப் போகும். அழுத்தம் இறங்க இறங்க வேகம் ஏறும். நடுவில் ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி இறங்கும். நிறைத்தவுடன் ஐந்து முறை சுட்டு 11.5 என்று எழுதிக்கொடுத்தால், அதே துப்பாக்கி பாதி சிலிண்டரில் 12-ஐத் தாண்டியிருக்கலாம். நிறைத்ததிலிருந்து மறுபடி நிறைக்க வேண்டிய நிலைவரை ஒவ்வொரு சூடாக அளந்தால்தான் உண்மை தெரியும்.

இனி, பழைய ஸ்பிரிங் துப்பாக்கிக்கே உரிய ஆபத்துகள். முதலாவது எண்ணெய். பிஸ்டன் சீலுக்கு முன்னால் எண்ணெய் கசிந்திருந்தால் நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜினில் நடப்பதும் இதேதான். சுடும்போது வழக்கத்தைவிடப் பலத்த வெடிப்புச் சத்தம், குழலில் புகை, கருகிய வாடை வந்தால் இதுதான் காரணம். அப்போது வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். புதிதாகச் சர்வீஸ் செய்த துப்பாக்கியிலும் தொடக்கத்தில் இது இருக்கும். அடங்கிய பிறகே அளக்க வேண்டும். காற்று வரும் துளையில் எண்ணெய்ச் சொட்டு விடும் பழக்கம் அறவே கூடாது.

இரண்டாவது ஆபத்து யாருக்கும் எளிதில் தோன்றாது. துப்பாக்கி 9 அடி-பவுண்டுதான் காட்டுகிறது, கவலையில்லை என்று வாங்குவார்கள். முந்தைய உரிமையாளர் உள்ளே வலுவான ஸ்பிரிங் மாட்டியிருப்பார். சீல் தேய்ந்துபோனதால்தான் அளவு குறைந்திருக்கும். வாங்கியவர் நல்லெண்ணத்தில் புது சீல் போடுவார், துப்பாக்கி ஒரே நாளில் 13-க்குப் போய் நிற்கும். பாகம் எதை மாற்றினாலும், மாற்றியவரே அளந்து கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

அளக்கும் முறை இது. துப்பாக்கியையும் பெல்லட்டையும் அளக்கும் அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்திருங்கள். டப்பாவில் அச்சிட்ட எடையை நம்பாமல் பத்துப் பெல்லட்டைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். குரோனோகிராஃப் என்னும் வேகமானிக்குப் புது பேட்டரி போடுங்கள். பேட்டரி இறங்கினால் எண்கள் தாறுமாறாகும். ஒளி உணரி வகையானால் குழல்வாயிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, குழலுக்கு இணையாக வையுங்கள். சாய்ந்திருந்தால் அளவு பிசகும். எல்இடி, குழல்விளக்கு வெளிச்சம் வினாடிக்கு நூறு தடவை துடிப்பதால் உணரி ஏமாந்து பொய் எண் காட்டும். கருவியோடு வரும் விளக்கையோ பகல் வெளிச்சத்தையோ பயன்படுத்துங்கள். பின்னால் சரியான பெல்லட் தடுப்புப் பெட்டி இருக்க வேண்டும். இலேசு, நடுத்தரம், கனம் என மூன்று எடையிலும் பத்துப் பத்து சூடு. மூன்றிலும் வந்த மிக உயர்ந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு 12-ஐத் தாண்டினால் அதோடு சுடுவதை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலையாமல், பதிவுபெற்ற ஆயுத வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்து என்ன செய்வது என்று கேட்க வேண்டும். விடுமுறைக்கு எடின்பரோ போகும்போது ரைஃபிளைக் காரில் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பதையும் மகனிடம் சொல்லிவையுங்கள். ஸ்காட்லாந்துக்கு வேறு உரிமம்.

கார்பன் டை ஆக்ஸைடு கேப்சூலில் சுடும் கைத்துப்பாக்கிக்கும் இதே முறைதானா?
– அதே வாசகர்

முறை அதேதான், ஆனால் வெப்பநிலையை இரட்டைக் கவனத்தோடு பார்க்க வேண்டும். திரவமும் வாயுவுமாகக் கேப்சூலில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு 20 டிகிரியில் 57 பார் அழுத்தம் தரும்; 30 டிகிரியில் 72 பார். குளிர்காலத்தில் 5.6 அடி-பவுண்டு காட்டிய கைத்துப்பாக்கி கோடை வெயிலில் 6-ஐத் தாண்டலாம். கோடையில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்துச் சுட்டால் கேப்சூல் குளிர்ந்து வேகம் இறங்கும் என்பதால் ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவே அரை நிமிடமாவது இடைவெளி விட வேண்டும்.

என் மகள் உயர்நிலை இரண்டில் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். பள்ளித் துப்பாக்கியில் வலுவே இல்லை, வலுவான துப்பாக்கி இருந்தால் இன்னும் நன்றாகச் சுடலாம் என்று தோழி சொன்னாளாம். உண்மையா?
– ஒரு தாயார், ஈசூன்

இல்லை. 10 மீட்டர் ரைஃபிளுக்கு 7.5 ஜூல் தாராளம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்ற நம் மார்ட்டினா வெலோசோவும் சுடும் பிரிவு இது. இலக்கு 10 மீட்டர் தூரத்தில் அசையாமல் நிற்கிறது. தட்டைத் தலையுள்ள பெல்லட் காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை போட்டால் போதும். ஆற்றலைக் கூட்டினால் உதைப்பும் அதிர்வும்தான் கூடும்.

அங்கே தேவைப்படுவது ஒவ்வொரு பெல்லட்டும் ஒரே வேகத்தில் போவது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். தசமப் புள்ளியில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மில்லிமீட்டர்தான் இடம். வினாடிக்கு 170 மீட்டரில் போகும் பெல்லட் 10 மீட்டர் கடப்பதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் இறங்கும். 175 மீட்டரில் போனால் சுமார் 16. ஆக 5 மீட்டர் வேக வித்தியாசத்துக்கு 1 மில்லிமீட்டர், அதாவது 0.4 புள்ளி. கை ஆடாமலே, மகள் எந்தத் தவறும் செய்யாமலே அந்தப் புள்ளி போய்விடும். 60 சூடு சுடும் போட்டியில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். பயிற்றுவிப்பாளரிடம் துப்பாக்கி எவ்வளவு வலுவானது என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது வேகமானியில் வைத்தார்கள், பத்துச் சூட்டில் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். வினாடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் நல்ல நிலையில் இருக்கிறது.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தின்பண்டத்தைத் தொட வேண்டும். இதைப் பிள்ளைகள் அடிக்கடி மறக்கிறார்கள்.

சற்று நேரம் ஓய்ந்துவிட்டுச் சுட்டால் முதல் பெல்லட் மட்டும் மேலே போகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. என் பிழையா, துப்பாக்கியின் பிழையா?
– மன்ற உறுப்பினர், சுவா சூ காங்

நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் ரெகுலேட்டரைத்தான் காட்டுகிறது. சிலிண்டரில் 200 பார் இருக்கும். ரெகுலேட்டர் அதைக் குறைத்து, துப்பாக்கிக்குள் உள்ள சுடும் அறைக்கு ஒரே அளவாக அனுப்புகிறது. அதன் அடைப்பு உட்காரும் இடத்தில் தூசோ தேய்மானமோ இருந்தால் நீங்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய் அழுத்தம் ஏறிவிடும். முதல் சூடு அந்தக் கூடுதல் அழுத்தத்தோடு போகிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஐந்து முறை சுடுங்கள், 15 நிமிடம் காத்திருங்கள், அடுத்த சூட்டின் வேகத்தை அளந்து பாருங்கள். வேகம் வினாடிக்கு 5 மீட்டரோ அதற்கு மேலோ ஏறி, அடுத்த இரண்டு சூட்டில் இறங்கினால் ஐயமே வேண்டாம். மாறாக, முதல் சூடு மெதுவாகப் போனால் வால்வு ஒட்டிக்கொள்கிறது. அது வேறு கோளாறு.

நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம் ஈரம். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. 0.2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 40 லிட்டர் காற்று. அதற்குள் கிட்டத்தட்ட 1 கிராம் நீர். உலர்த்தாமல் அடைத்தால் அதில் ஒரு பகுதி ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் துருவாகவும் கசடாகவும் ரெகுலேட்டரில் தங்கும். கைப்பம்பில் அடைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். முக்குளிப்புத் தரத்தில் உலர்த்தி வடிகட்டிய காற்றையே பயன்படுத்துங்கள். அடைக்கும்போது வால்வை மெல்லத் திறங்கள். வேகமாகத் திறந்தால் சிலிண்டர் சூடாகி, ஆறியபின் அழுத்தம் குறைந்து காட்டும். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தத்தில் பற்றிக்கொள்ளும்.

சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்தாண்டு ஆயுள் வைக்கிறார்கள். கெடு தாண்டியதைப் போட்டியில் பயன்படுத்த முடியாது, பயிற்சியிலும் கூடாது. ரெகுலேட்டரை நீங்களே பிரிக்க வேண்டாம். மன்றத்தின் துப்பாக்கிப் பழுதாளரிடம் விடுங்கள்.

திருச்சியில் மாமா தோட்டத்தில் குரங்கு விரட்ட வைத்திருக்கும் 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்னை எனக்குத் தருகிறேன் என்கிறார். அங்கே லைசென்ஸ் கேட்கவில்லை. பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா?
– வாசகர், பொங்கோல்

வேண்டாம். இந்தியச் சட்டம் விட்டது இந்தியாவோடு சரி. சாங்கியில் இறங்கியபின் அறிவித்து அனுமதி பெற்றுக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம்; காவல்துறை அனுமதி விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். போட்டிக்குப் போய்வரும் வீரர்களுக்கே சங்கத்தின் வழியாகத் தாள்வேலை நடக்கிறது. சிலிண்டரைக் காலி செய்து கழற்றி, விமான நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். மாமாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: குரங்கும் மயிலும் அங்கே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பெல்லட் பட்டால் வழக்கு அவர்மேல் வரும்.

காலமான தாத்தாவின் வீட்டை ஒழிக்கும்போது பண்டக அறையில் துருப்பிடித்த பழைய ஏர் ரைஃபிள் ஒன்று கிடைத்தது. சுடுமா என்றுகூடத் தெரியவில்லை. தூக்கி எறிந்துவிடலாமா?
– வாசகி, தோ பாயோ

எறியவும் வேண்டாம், சுடுமா என்று பார்க்கவும் வேண்டாம். துருப்பிடித்ததாலேயே அது துப்பாக்கி இல்லை என்று ஆகிவிடாது. ஸ்பிரிங் இழுத்த நிலையில் பல ஆண்டுகள் கிடந்திருக்கலாம், குழலுக்குள் பெல்லட்டும் இருக்கலாம்; விசையில் கை பட்டால் இன்றும் சுடும். குழல் ஆளில்லாத பக்கம் நோக்கியிருக்க, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அறையைப் பூட்டுங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். குப்பைச் சரிவில் போட்டால் அது யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. பையில் சுற்றி எம்ஆர்டியில் எடுத்துப்போனால் வழியில் அது உங்கள் கையில் உள்ள ஆயுதம். அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே, எப்போது, யார் கண்டெடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அதிகாரிகளே வந்து எடுத்துக்கொள்வார்கள். தாத்தாவின் பழைய உரிமத் தாள் ஏதும் அகப்பட்டால் அதையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.